தாளத்துக்கு வெளியே விழுந்த சத்தம்

மார்ச் 6

சின்னவளுக்கு,

போனிலேயே திட்டியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் கத்துவேன். நான் கத்தினால் பக்கத்து அறையில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்கும். முன்பெல்லாம் அவரும் உள்ளேயிருந்து ஒரு அதட்டல் போடுவார், சண்டை அதோடு அடங்கிவிடும். இனி அவரால் அதட்ட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து தையலும் பிரித்தாயிற்று. குரல்பெட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. இனி மூச்சு அதன் வழியாகத்தான். அதை மூடியிருக்கும் துணியைக் காலையிலும் மாலையிலும் நான் மாற்றுகிறேன். நீ ஆஸ்பத்திரி வராந்தாவரை வந்துவிட்டு, என் தலையைப் பார்த்ததும் திரும்பிப் போனதை வாட்ச்மேன் சொன்னார். நல்ல காரியம் செய்தாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மன்றத்துப் பாட்டுப் பட்டறையில் அப்பா பாடியதைப் பதிவு செய்திருந்தேன், அதை நேற்றுதான் உட்கார்ந்து முழுதாகக் கேட்டேன். அதுவரை துணிவு வரவில்லை. கூட 'காது' இருந்தான். காதை உனக்கு நினைவிருக்கும். நம் மன்றத்தில் மைக்கும் ஸ்பீக்கரும் பார்ப்பவன், கொசு எந்தச் சுருதியில் பறக்கிறது என்று சொல்லக்கூடியவன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பாட்டு அருமையா இருக்குக்கா. ஆனா மேல யாரோ கல்லு போட்டுக்கிட்டே இருக்காங்க" என்றான்.

கல் இல்லை. உன் கேமரா. மேளத்து உறைக்குள் மைக்கை வைத்திருந்தேன். அதற்கு ஒட்டினாற்போல் நீ நின்றிருக்கிறாய். பாட்டில் முதல் மூட்டை ஏறுவதிலிருந்து கடைசி மூட்டை இறங்குவதுவரை டப், டப், டப்.

நான் மேளம் அடிப்பவள். என்னிடம் பூசி மெழுக முடியாது. கச்சேரியில் படம் எடுப்பவர்கள் அடி விழும் நேரம் பார்த்துத்தான் பட்டனை அழுத்துவார்கள், அந்த அடிக்குள் ஷட்டர் சத்தம் ஒளிந்துகொள்ளும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அப்படிப்பட்ட நீ, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே, அப்பாவின் குரல் மட்டும் தனியாக நிற்கும் இடமாகப் பார்த்துப் பார்த்து அழுத்தியிருக்கிறாய். எங்கோ ஒன்றிரண்டு என்றால் கை தவறியது என்று விட்டுவிடுவேன். போதாததற்கு, சத்தமே போடாத சின்னக் கேமரா உன் பையில் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். நாடகத்தைப் படம் எடுக்கப் போனால் அதைத்தானே கொண்டுபோவாய்? அதை விட்டுவிட்டு அந்தப் பழைய இரும்புப் பெட்டியை எதற்கு எடுத்தாய்?

மூட்டை தூக்கிய காலத்தில் பாடிய அந்தச் சுமைப் பாட்டை வீட்டார் முன்னால் அப்பா முழுதாகப் பாடியது அந்த ஒரே தடவைதான். இனி யார் பாடுவார்? உனக்குப் படம் முக்கியம். பெரிய கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, பக்கத்தில் உன் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு மிச்சம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். அதிலும் மண்ணைப் போட்டுவிட்டாய்.

எடுத்த படங்களைத் தபாலில் அனுப்பு. மன்றத்து ஆண்டு விழா மலருக்கு வேண்டும். நீ வர வேண்டாம்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. உறையை நீ ஒட்டியிருந்த ஒட்டிலேயே கோபத்தின் அளவு தெரிந்தது. கத்திரிக்கோல் இல்லாமல் திறக்க முடியவில்லை.

துளை, துணி, தையல் எல்லாம் எழுதியிருக்கிறாய். அப்பா எப்படி இருக்கிறார் என்று எழுதவில்லை. தூங்குகிறாரா? சாப்பாடு இறங்குகிறதா? எரிச்சல் வந்தால் இப்போது என்ன செய்கிறார்? முதுகுக்குத் தலையணை இரண்டு வைத்தால்தான் அவருக்குச் சரிப்படும். உனக்குத் தெரியாததா. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

படங்கள் இந்த உறையில் இருக்கின்றன. தையல்காரர் மூட்டையோடு நிற்கும் படத்தைப் பார். மணல் மூட்டையைத் தோளில் வைத்த கணத்தில் அவர் முகம் போன போக்கை அவர் மனைவிக்குக் காட்டாதே. செவிலி அக்கா சிரித்துச் சிரித்து மூட்டையைக் கீழே போட்டது, கண்டக்டர் பழக்கதோஷத்தில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று வரிசையை நகர்த்தியது, எல்லாம் இருக்கின்றன. "வெறுங்கையோட நின்னு பாட இது என்ன பள்ளிக்கூடப் பாட்டா? தோள்ல பாரம் வேணும்" என்று அப்பா சொல்லப்போய், பாட்டு கற்க வந்தவர்கள் எல்லோரும் கூடத்துக்குள் மூட்டை தூக்கினார்களே, அதைப்போல ஒரு காலையை நான் இதுவரை படம் எடுத்ததில்லை. சரக்குக் கொட்டகையில் அவர் கூட்டம் எப்படிப் பாடியிருக்கும் என்று அன்றுதான் எனக்கும் புரிந்தது. முதல் மூட்டை ஏறும்போது தொடங்கி, கடைசி மூட்டை லாரியில் உட்காரும்போதுதான் கடைசி வரி. நடுவில் நிறுத்தினால் தோள்தான் வலிக்கும். நீ மேளத்தோடு நின்றதும் நன்றாக விழுந்திருக்கிறது. கோபம் இல்லாத முகம், அபூர்வம்.

அப்பா பாடும் படங்கள் இதில் இல்லை. அவற்றை அனுப்ப மாட்டேன்.

சத்தத்தைப் பற்றி. கேமரா என்றால் சத்தம் போடத்தான் செய்யும். சின்னதில் அன்று பேட்டரி இல்லை. வேறென்ன சொல்ல. நான் அழுத்தியது உண்மை. உன்னிடம் அதற்கு மன்னிப்பு கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டால் அது பொய்யாகிவிடும் போலிருக்கிறது. இந்த வரியைப் புரிந்துகொள்ள முயற்சி செய்யாதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகிறேனே. உன் சமையலறைப் பக்கம்கூட வர மாட்டேன்.

சின்னவள்


மார்ச் 24

சின்னவளுக்கு,

படங்கள் வந்தன. நன்றாக இருக்கின்றன, அதை மறுக்க மாட்டேன். தையல்காரரின் மனைவி பார்த்துவிட்டாள்.

அப்பா படத்தை அனுப்ப மாட்டேன் என்று எவ்வளவு திமிராக எழுதியிருக்கிறாய். அவர் யாருக்கு அப்பா? நீ வெளியூர் போய்ப் பேர் வாங்கிக்கொண்டிருந்த வருடங்களில் அவர் மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்தது யார்? கண்காட்சிக்குத்தானே பதுக்குகிறாய்? வைத்துக்கொள். எனக்கு இனி அது வேண்டாம், ஏனென்றால் உன் புண்ணியம் இல்லாமலே எனக்குக் குரல் கிடைத்துவிட்டது.

ஆமாம். காது கணினி முன்னால் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவது போல உன் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டான். அவன் கண் இரண்டும் சிவந்துபோயின. இப்போது கேட்டால் அப்பா எதிரில் நின்று பாடுவது போல இருக்கிறது. எல்லா இடத்திலும் சுத்தம் என்று சொல்ல முடியாது. சில சொற்களின் ஓரம் போயிருக்கிறது. பரவாயில்லை. காதுக்குத்தான் தெரியும், மற்ற யாருக்கும் தெரியாது.

நம் வீட்டுக் கூடத்து வகுப்பில் தினமும் போடுகிறேன். பிள்ளைகளை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திக் கேட்கச் சொல்கிறேன். கண்காணியைத் திட்டும் வரிகள் வரும் இடத்தைத் தாண்டிவிடுகிறேன், அவை மேடைக்கு ஆகாது. கூடத்துக்கும் அப்பா அறைக்கும் நடுவே இருக்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், அவருக்கும் கேட்கட்டும் என்று. பாட்டு தொடங்கினதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அழுகிறார் போல. உணர்ச்சிவசப்படுகிறார். அழட்டும், உள்ளே இருப்பது வெளியே போனால் நல்லதுதான் என்று நானும் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

தூங்குகிறார். கஞ்சி இறங்குகிறது. ஒரு பலகையும் எழுதுகோலும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், வேண்டியதை அதில் எழுதிக் காட்டுகிறார். எரிச்சல் வந்தால் பலகையைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். தலையணை இரண்டுதான். நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமாக்கும்.

ஏப்ரல் 28-ஆம் தேதி மன்றத்து ஆண்டு விழா. கூடம் நிறையக் கூட்டம் வரும், வெளியூரிலிருந்து பாட்டு சேகரிப்பவர்களும் வருகிறார்கள். பெரிய ஸ்பீக்கரில் அப்பாவின் பாட்டைப் போட்டு, அவரை முன்வரிசையில் உட்கார வைத்து மரியாதை செய்யப்போகிறேன். பாட்டின் பிரதிகளை வந்தவர்களுக்குக் கொடுக்கப்போகிறோம். வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்கிய மனிதருக்கு ஊர் எழுந்து நிற்கட்டும்.

உனக்கு அழைப்பு இல்லை.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

தயவு செய்து அந்தக் கதவைச் சாத்து. இந்தக் கடிதத்தை முழுதும் படிப்பதற்கு முன்னாலேயே எழுந்து போய்ச் சாத்திவிட்டு வா.

சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நீ என்னை எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் இருந்தேன். ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார் என்று நீ எழுதிய பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டறை அன்று காலையில் நீ வாசலில் வருபவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாய். நான் மேளங்கள் வைக்கும் அறையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"பெரியவ மேளத்து உறைக்குள்ள மைக்க ஒளிச்சு வச்சிருக்கா" என்றார். "அந்தக் காதுப் பய அத மூடுறத நான் பாத்துட்டேன். பதிவெல்லாம் வேணாம்னு அவகிட்ட சொன்னேன். சரிப்பானு தலையாட்டிட்டு இப்படிப் பண்றா."

"நான் போய்ச் சொல்றேன்பா."

"சொல்லி? அவகிட்ட வேணாம்னு சொல்லி இந்த வீட்ல யாரு ஜெயிச்சிருக்கா? பாடாம இருக்கவும் எனக்கு மனசு வரல. ஒரு தடவ முழுசாப் பாடிட்டா போதும்னு இருக்கு. ஆனா பாடினது அதோட போயிடணும்."

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை.

"தொண்டைய அறுத்ததும் சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் ஊமையாப் படுத்திருப்பேன். அந்தப் பக்கம் என் குரல் பாடிக்கிட்டு இருக்கும். யாரோ அத நிறுத்துவாங்க, மறுபடி போடுவாங்க, இந்த எடம் சரியில்ல, அந்த எடம் சரியில்லனு பேசிப்பாங்க. நான் கேட்டுக்கிட்டே கெடக்கணும். செத்தவனுக்குக் கூட அந்தக் கஷ்டம் இல்லம்மா, அவனுக்குக் காது கேக்காது."

பிறகு என் பழைய கேமராவைக் காட்டி, "இது கோடாலி மாதிரி சத்தம் போடுமே, அத எடுத்துக்க. அடி விழுற எடத்துல அழுத்தாத, என் குரல் தனியா வர்ற எடத்துல அழுத்து. நான் முடிக்கிற வரைக்கும் நிறுத்தாத. உன் அக்காகிட்ட மூச்சு விடாத. நான் அவ கூடத்தான் இருந்தாகணும்" என்றார்.

நீ கண்டுபிடித்தது எல்லாம் சரி அக்கா. கை தவறவில்லை. சின்னக் கேமராவில் பேட்டரி இருந்தது.

அவர் பாடும்போது எடுத்த படங்களை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டாயே, இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள். மேற்கூரை, யாரோ ஒருவரின் முழங்கை, தரை, மறுபடியும் மேற்கூரை. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா முதலும் கடைசியுமாகப் பாடுகிறார், நான் அதை அடித்து நொறுக்கிக்கொண்டிருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டே செய்ய என்னால் முடியவில்லை. நீ சொல்லும் கண்காட்சிக்கு என்னிடம் ஒரு படம் கூட இல்லை.

படம் எடுக்கட்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் நான் கேமராவை இறக்கிவிடுவேன். என் தொழிலில் இது பாலபாடம். உன் தொழிலில் அப்படி எதுவும் இல்லையா?

விழாவில் அதைப் போடாதே. பிரதி எடுத்து ஊருக்குக் கொடுக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். என்னை வீட்டுக்குள் விட வேண்டாம், வாழ்நாள் முழுக்க விடாதே. அதைப் போடாதே.

சின்னவள்


ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அப்பா முன்னால் போய் நின்றேன். ஒளிவு மறைவு எனக்குப் பழக்கம் இல்லை. "கேமரா சத்தம் நீங்க கேட்டுக்கிட்டதுதான்னு சின்னவ எழுதியிருக்கா. பாட்டக் கெடுக்கச் சொல்லி நீங்கதான் சொன்னீங்களாம். நிஜமாப்பா?" என்று கேட்டேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகையை வாங்கினார். 'இல்லை' என்று எழுதினார். அதன் கீழே ஒரு கோடும் போட்டார்.

போதுமா?

தப்புச் செய்தால் தப்பு என்று ஒப்புக்கொண்டு போயிருக்கலாம். வாய் இல்லாத மனிதர் மேல் பழியைப் போட உனக்கு எப்படி மனசு வந்தது? மறுத்துப் பேச அவரால் முடியாது என்றுதானே? அவர் பேசுவது போலவே எழுதவும் வந்துவிட்டது உனக்கு, ஒரு சொல் பிசகாமல். கூரையும் முழங்கையும் தெரியும் குப்பைகளை அனுப்பி இதுதான் சாட்சி என்கிறாய். நல்ல படங்கள் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

பதிவு வேண்டாம் என்று அவர் என்னிடம் சொன்னது நிஜம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். உன் கேமராவைப் பார்த்து ஐயோ வேண்டாம் என்று சொன்னவர்கள்தானே தலை வாரிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்? பெரியவர்கள் கூச்சத்தில் சொல்வதையெல்லாம் கேட்டால் இந்த ஊரில் ஒரு பாட்டும் மிஞ்சாது. ஆமாம், உறைக்குள் ஒளித்துத்தான் வைத்தேன். எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன்.

கதவு திறந்தேதான் இருக்கும். விழா நடக்கும்.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

'இல்லை' என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவார்? துணி மாற்றும் கை உன்னுடையது, கஞ்சி ஊட்டும் கை உன்னுடையது. அந்தக் கையில் என் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு போய் எதிரில் நின்றால், உன் முகத்தைப் பார்த்து அவர் என்ன எழுத முடியும்? அவரும் பயந்தவர்தான் அக்கா. கண்காணிகளைப் பாட்டிலேதான் திட்டினார், நேரில் திட்டியதில்லை.

அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று படித்ததும் வலித்தது. ரொம்பவே வலித்தது. அப்புறம் யோசித்தால், எனக்கு அதைத் தாங்க முடியும், உன் கோபத்தை அவரால் தாங்க முடியாது. அவர் கணக்கு சரிதான்.

இனி இதைப் பற்றி எழுத மாட்டேன். பொய்க்காரி என்று என்னை ஊர் முழுக்கச் சொல்லிக்கொள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். விழாவில் பாட்டு ஓடும்போது கூட்டத்தைப் பார்க்காதே. யார் எழுந்து நிற்கிறார்கள், யார் கைதட்டுகிறார்கள் என்று பார்க்காதே. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் பார்.

சின்னவள்


மே 3

சின்னவளுக்கு,

எழுத உட்கார்ந்து இது எத்தனையாவது தாள் என்று தெரியவில்லை. மற்றவற்றைக் கிழித்துவிட்டேன்.

விழா நடந்தது. கூடம் கொள்ளாத கூட்டம். அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துத் துணியும் வெள்ளையாகக் கட்டி, முன்வரிசையில் உட்கார வைத்தேன். நீ எழுதியதற்காக இல்லை, துணி நழுவினால் சரி செய்ய வேண்டுமே என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். பாட்டு தொடங்கியது. பெரிய ஸ்பீக்கரில் அவர் குரலைக் கேட்டதும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. முதல் மூட்டை, இரண்டாம் மூட்டை போயிற்று. பக்கத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். கையில் வைத்திருந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டியின் மூடியை அப்பா திறந்து மூடியிருந்தார். கை நடுங்கி மூடிக்கொண்டது என்று நினைத்தேன். மறுபடியும் டப். மறுபடியும். பின்வரிசையில் யாரோ, "பாவம், தாளம் போடுறார் பாரு" என்றார்கள். அதைக் கேட்டு இன்னும் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அது தாளம் இல்லை. எனக்கா தெரியாது? மூட்டைக்கு மூட்டை அடி பிசகாமல் பாடிய மனிதர், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே, தன் குரல் தனியாக வரும் இடமாகப் பார்த்துப் பார்த்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார். காது பொறுக்கி எறிந்த கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தட்டினார். கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். அறுவைக்குப் பிறகு அந்தக் கையில் அவ்வளவு பலத்தை நான் பார்த்ததில்லை.

நான் எழுந்து போய் நிறுத்தச் சொன்னேன். மின்சாரக் கோளாறு என்று காது மைக்கில் அறிவித்தான். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குப் பிரதி கிடைக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். மன்றத்துத் தலைவர் என்னோடு பேசுவதில்லை.

மறுநாள், காது சுத்தம் செய்யாத பழைய பதிவைப் போட்டுக் கேட்டேன். ஓர் இடத்தில் உன் சத்தம் நின்றுபோகிறது. கேமராவில் கார்டு மாற்றினாய் போல. அந்த இடத்தில் அப்பாவும் பாட்டை நிறுத்திவிட்டு இருமுகிறார். தோளில் மூட்டையோடு எல்லோரும் காத்து நிற்கிறார்கள், என் மேளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் கேமரா மறுபடி அடித்த பிறகுதான் அடுத்த வரியை எடுக்கிறார். மூச்சு வாங்குகிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆக, நீ எழுதியது அத்தனையும் நிஜம். எழுதிவிட்டேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. பொய்க்காரி என்று நினைத்திருந்தபோது உன் மேல் இருந்த கோபம் இதைவிடக் குறைவு.

எனக்கு எதில் எரிகிறது தெரியுமா? மேள அறைக் கதவைச் சாத்தி அவர் உன்னிடம் சொன்னார். கூடவே இருப்பவள் நான். என்னிடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஏன் வேண்டாம் என்பதை உன்னிடம் சொன்னார். சுவர், ஊமை, குரல் என்று உன்னிடம் சொன்னதில் ஒரு வரியை என்னிடம் சொல்லியிருந்தால் மைக்கை என் கையாலேயே பிடுங்கி எறிந்திருப்பேன். எறிந்திருப்பேனா என்று நீ கேட்பாய். கேட்காதே. மன்றத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன், பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். எனக்குத்தான் அந்தக் குரல் வேண்டியிருந்தது. அவர் இல்லாமல் போன பிறகு இந்த வீட்டில் நான் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று இருந்தது. உனக்கு ஊர் இருக்கிறது, தொழில் இருக்கிறது. எனக்கு அந்தப் பக்கத்து அறை ஒன்றுதான்.

பதிவை அழித்துவிட்டேன். காதின் கணினியிலும் அழித்தாயிற்று. அப்பா பார்க்கும்படி, அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழித்தேன். ஒன்றும் மிச்சம் இல்லை என்று சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். அன்று மத்தியானம் சுவர்ப் பக்கம் திரும்பாமல் மல்லாந்து படுத்துத் தூங்கினார், கையைக்கூட அசைக்காத தூக்கம்.

எழுந்ததும் பலகையைக் கேட்டார். ரொம்ப நேரம் எழுதினார். அந்தப் பலகை வாங்கிய நாளிலிருந்து எனக்கு அவர் எழுதிக் காட்டுவது 'வெந்நீர்', 'ஜன்னல்', 'துணி மாத்து', 'வலி', இவ்வளவுதான். இவ்வளவு நேரம் எழுதுகிறாரே, எனக்குத்தான் ஏதோ எழுதுகிறார் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

'சின்னவ எப்ப வருவா, அவள வரச் சொல்லி எழுது' என்று எழுதியிருந்தார்.

அதனால்தான் எழுதுகிறேன். வா. சனிக்கிழமைகளில் எனக்குக் காலையிலிருந்து மாலைவரை வகுப்பு. கூடத்துப் பக்கம் வராமல் பின்வாசல் வழியாக வந்து அவரைப் பார். கழுத்துத் துணி அலமாரியில் மடித்து வைத்திருக்கிறது, எப்படி மாற்றுவது என்று அவரே காட்டுவார். நான் வகுப்பு முடித்து உள்ளே வருவதற்குள் போய்விடு.

அக்கா